குழுவா, தனிக்குரலா?

வைகாசி முதல் நாள், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாக் கச்சேரியில் பாடிவிட்டு வந்த தம்பி, குழுவை விட்டுத் தனியாகப் போகலாமா என்று கேட்டான்.

பாடகர் ஸெய்ன் மாலிக் 2015 மார்ச்சில் பாப் பாட்டுக் குழுவான ஒன் டைரக்‌ஷனை விட்டு விலகினார். 2016-இல் அவருடைய முதல் தனிப்பாடலே அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். ஆனால் குழுவில் இருந்தபோதே அவருக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் இருந்தார்கள்.

குழுவில் பணம் பங்குதான். ஆனால் தொண்டை கட்டிய இரவில் கீபோர்டு அண்ணன் உன் முகத்தைப் பார்த்தே சுருதியை அரைக்கட்டை இறக்குவார், பல்லவியைக் கோரஸ் வாங்கிக்கொள்ளும். தனியாகப் போனால் பெயர் முழுசாக உன்னுடையது. வேன் வாடகை, சவுண்ட் சர்வீஸ் செலவும் உன் தலையில். கரோக்கி டிராக் உனக்காக நிற்காது, தம்பி.

சொந்தமாக நாலு பாட்டு கைக்கு வரட்டும், அப்புறம் கிளம்பு.