கூகுள் ஸ்காலர்: மருத்துவம், பொருளியல் இரண்டிலும் எழுதுகிறவர்களுக்கு எவ்வளவு உதவும்?

மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்துவிட்டால் புத்தகம் கேட்டு வருகிறவர்களைவிட, தங்கள் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்பட்டன என்ற எண் கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். "மேடம், என் எச்-இண்டெக்ஸ் கொஞ்சம் எடுத்துக் குடுங்க, சாயந்தரம் ஃபைல் போகணும்" என்பார்கள். கேட்பவர் இதய மருத்துவரோ தோல் மருத்துவரோ என்றால் டீ ஆறுவதற்குள் எடுத்துக் கொடுத்துவிடலாம். சமூக மருத்துவத் துறைக்காரராக இருந்து, காப்பீட்டுத் திட்டம், மருந்துச் செலவு என்று பொருளியல்காரர்களோடு சேர்ந்து எழுதுகிறவர் என்றால் அன்றைய மதியம் போய்விடும். அவர் எழுதியதில் பாதி ஒரு தளத்தில் இருக்கும், மீதி வேறெங்கோ இருக்கும்.

இப்படிப்பட்டவர்களுக்கு, ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் எப்படி என்று மட்டும்தான் இங்கே எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் என்னென்ன எழுதியிருக்கிறார் என்று ஒரே இடத்தில் பார்க்க இதைவிட நல்ல இலவசக் கருவி கிடையாது. ஆனால் அது கடைசியில் காட்டும் எண்ணை அப்படியே ஃபைலில் ஒட்டாதீர்கள்.

ஸ்காலர் வந்தது 2004 நவம்பரில். கூகுளில் இருந்த அனுராக் ஆச்சார்யாவும் அலெக்ஸ் வெர்ஸ்டாக்கும் தொடங்கியது. ஆச்சார்யா ஐ.ஐ.டி. கரக்பூரில் படித்தவர். ஆராய்ச்சியாளர்கள் தங்களுக்கென்று ப்ரொஃபைல் வைத்துக்கொள்ளும் வசதி 2011-இல் வந்தது. அங்கே மூன்று எண்கள் தெரியும்: மொத்த சைட்டேஷன் (மற்றவர்கள் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை), எச்-இண்டெக்ஸ், ஐ10. எச்-இண்டெக்ஸ் என்பது ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் முன்வைத்த கணக்கு. குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் உங்களிடம் 20 இருந்தால் உங்கள் எச் 20. ஐ10 இன்னும் எளிது: பத்து சைட்டேஷனாவது வாங்கிய கட்டுரைகள் எத்தனை என்று எண்ணினால் போதும்.

எந்தத் தளத்தையும் சோதித்துப் பார்க்க நான் வைத்திருக்கும் பெயர் ஜோசப் நியூஹவுஸ். ஹார்வர்டில் மருத்துவக் கல்லூரி, பொதுச் சுகாதாரம், அரசு நிர்வாகம், கலை அறிவியல் என எல்லாப் பக்கமும் பதவி வகித்த பொருளியலாளர். அதற்கு முன் ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தில் இருந்தார். 1970-களில் அங்கே தொடங்கிய மருத்துவக் காப்பீட்டுச் சோதனைக்குத் தலைமை வகித்தவர் இவர்தான். சுமார் 2,000 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு முழு இலவச மருத்துவம், மற்றவர்களுக்குச் செலவில் ஒரு பங்கைத் தாங்களே கட்டும் ஏற்பாடு என்று வைத்துப் பார்த்தார்கள். இலவசம் கிடைத்தவர்கள் அதிகமாகச் சிகிச்சை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஏழை ரத்தக்கொதிப்பு நோயாளிகள் போன்ற சிலரை விட்டால், சராசரி ஆரோக்கியத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இந்த ஒரே சோதனையின் முடிவுகள் இரண்டு வீடுகளில் குடியேறின. உடல்நலம் பற்றியது 1983-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 9 பக்கம். செலவு பற்றியது 1987-இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூவில் 27 பக்கம். ஸ்காலரில் நியூஹவுஸ் பெயரைப் போட்டால் இரண்டும் ஒரே பட்டியலில் வந்து நிற்கும். அவர் ஆசிரியராக இருந்து தொடங்கிய ஜர்னல் ஆஃப் ஹெல்த் எகனாமிக்ஸ் கட்டுரைகள், புத்தகங்கள், ராண்ட் அறிக்கைகள் எல்லாம் கூடவே வரும். இது எந்தத் துறை, அது எந்தத் துறை என்று ஸ்காலர் பார்ப்பதே இல்லை. இரண்டு துறையில் கால் வைத்திருப்பவருக்கு இது பெரிய வரம். பட்டியலில் கட்டுரை விட்டுப்போகாமல் இருக்க, இன்றைக்கும் நான் முதலில் திறப்பது ஸ்காலரைத்தான்.

அடுத்து அமெரிக்காவின் ஓரிகன். 2008-இல் அந்த மாநிலம் ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டில் கொஞ்சம் இடங்களைத் திறந்தபோது, சுமார் 90,000 பேர் பெயர் கொடுத்தார்கள். இடம் போதாததால் குலுக்கல். ஆராய்ச்சியாளர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? முதல் வருட முடிவு 2011-இல் என்.பி.இ.ஆர். என்ற அமெரிக்கப் பொருளியல் ஆய்வு அமைப்பின் வரைவுக் கட்டுரையாக வந்தது. 2012-இல் குவாட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸில் 50 பக்கமாக அச்சானது. ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை பற்றிய முடிவுகள் 2013-இல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் 10 பக்கம். இரண்டிலும் நியூஹவுஸ் பெயர் இருக்கிறது.

இந்த 2013 கட்டுரையை ஸ்காலரில் தேடிப் பாருங்கள். தலைப்புக்குக் கீழே உள்ள பச்சை வரியில் பைக்கர், டாப்மன் என்று சில பெயர்கள் ஓடி, அப்புறம் மூன்று புள்ளி. நியூஹவுஸ் அந்தப் புள்ளிகளுக்குள் போய்விடுவார். மருத்துவத்தில் முதல் பெயருக்கு உழைப்புக் கணக்கு, கடைசிப் பெயருக்குத் தலைமைக் கணக்கு. பொருளியலில் பெரும்பாலும் அகரவரிசைதான்; அங்கே முதல் பெயராக வருவதற்கு 'ஏ'வில் தொடங்கும் குடும்பப் பெயர் இருந்தாலே போதும். இந்தக் கட்டுரையில் இரண்டு வழக்கமும் கலந்து கிடப்பதைப் பார்க்கலாம்: முதலில் பைக்கரும் டாப்மனும், கடைசியில் ஃபிங்கெல்ஸ்டைன், நடுவில் ஆலனிலிருந்து ஸஸ்லாவ்ஸ்கி வரை ஏழு பேர் அகரவரிசையில். நம் ஊர் மருத்துவக் கல்லூரிப் பதவி உயர்வில் முதல் சில பெயர்களில் ஒருவரா, தொடர்பு ஆசிரியரா என்றுதான் கேட்பார்கள். பொருளியல் கட்டுரைக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது. ஆனால் ஸ்காலர் எல்லாரையும் சமமாகவே எண்ணும். பத்துப் பேர் எழுதியதற்கும் தனியாளாக எழுதியதற்கும் ஒரே மதிப்பு.

இங்கேதான் அந்த எண் தடம் மாறுகிறது. மருத்துவத்தில் கட்டுரை சிறியது, ஆசிரியர்கள் நிறைய, வேகமாக வரும், வேகமாக மேற்கோளும் காட்டப்படும். பொருளியலில் ஒரு கட்டுரை வரைவாகவே வருடக்கணக்கில் சுற்றும். அதனால் ஒரு பொருளியலாளரின் எச் 20-ம் ஒரு மருத்துவரின் எச் 20-ம் ஒன்றல்ல. இரண்டும் கலந்த ஒருவரிடம் எந்தப் பாதி எவ்வளவு கொடுத்தது என்று ஸ்காலர் பிரித்துக் காட்டாது. துறைவாரியாகப் பிரிக்க ஒரு பொத்தான்கூட இல்லை. இத்தனை வருடம் ஆகியும் ஏன் வைக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் வேறு கதவுகளைத் தட்ட வேண்டும். பொருளியல் பாதிக்கு ரெபெக் என்ற கட்டுரைத் தொகுப்பு. 1997-இலிருந்து தன்னார்வலர்கள் நடத்துவது; அதன் ஐடியாஸ் தளம் செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் சர்வரில் ஓடுகிறது. பார்க்கப் பழைய காலத்து வெப்சைட் மாதிரிதான் இருக்கும், ஆனால் வரைவு எது, அச்சானது எது என்று ஒன்றோடொன்று இணைத்துக் காட்டும் நேர்த்திக்கு நான் ரசிகை. மருத்துவ இதழ்களுக்கு அங்கே பெரும்பாலும் இடமில்லை.

மருத்துவப் பாதிக்குப் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளம். இதன் எல்லைகள் கொஞ்சம் விசித்திரமானவை. சுகாதாரப் பொருளியலின் தொடக்கம் என்று பலரும் சொல்லும் கென்னத் ஆரோவின் கட்டுரை 1963-இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூவில் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் இதழ் அதை 2004-இல் மறுபதிப்புச் செய்ததால், பப்மெட்டில் அது 2004-ஆம் ஆண்டுக் கட்டுரையாக இருக்கும். ஓரிகனின் 50 பக்கப் பொருளியல் கட்டுரையும் அங்கே உண்டு. அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்.ஐ.எச்.சின் நிதி பெற்ற ஆய்வுகளை இலவசமாகப் படிக்கக் கொடுக்க வேண்டும் என்ற விதி அதைக் கொண்டுவந்து சேர்த்தது. ஆக, பப்மெட்டில் இருப்பதெல்லாம் மருத்துவ இதழில் வந்தது என்று எண்ணிவிடாதீர்கள்.

பப்மெட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது என்.ஐ.எச்.சின் ஐசைட். ஒரு கட்டுரையை அதே ஆய்வு வட்டாரத்துக் கட்டுரைகளோடு ஒப்பிட்டு ஒரு விகிதம் கொடுக்கும். என்.ஐ.எச். நிதியில் வந்த கட்டுரைகளின் இடைநிலை 1 என்று வைத்துக்கொண்டால், உங்களுடையது 2 என்றால் இரண்டு மடங்கு. இலவசம்தான். நம் ஆட்கள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தொகுக்கும் ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் சந்தா கட்டினால்தான் முழுமையாகத் திறக்கும். மத்திய அரசின் கல்லூரித் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.புக்கு எடுத்துக்கொள்வது இந்த இரண்டையும்தான் என்பதால், ஸ்காலரில் எவ்வளவு பெரிய எண் வைத்திருந்தாலும் கல்லூரியின் தரவரிசைக் கணக்கில் அது சேராது. சந்தா இல்லாதவர்கள் ஸ்கோபஸ் பிரிவ்யூவில் ஆசிரியர் பெயரைத் தேடிக்கொள்ளலாம்.

ஸ்காலரின் எண்ணைக் கொஞ்சமாவது நேர்ப்படுத்த ஒரு வழி உண்டு. ஆன்-வில் ஹார்ஸிங் என்ற பேராசிரியர் 2006-இலிருந்து இலவசமாகக் கொடுக்கும் பப்ளிஷ் ஆர் பெரிஷ் மென்பொருள். ஸ்காலரிலிருந்து தகவலை எடுத்து, கூட்டாசிரியர் எண்ணிக்கையால் வகுத்து, எழுதத் தொடங்கி எத்தனை வருடம் ஆயிற்று என்பதாலும் வகுத்து ஓர் ஆண்டுக் கணக்கு தரும். பத்துப் பேரோடு எழுதும் மருத்துவரையும் இரண்டு பேரோடு எழுதும் பொருளியலாளரையும் பக்கத்தில் வைக்க, என் கைக்கு எட்டியவற்றில் இதுதான் உருப்படி.

எண்ணை நம்பாதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணம் லாரி. லாரி ஒரு பூனை. 2024-இல் ரீஸ் ரிச்சர்ட்சன், நிக் வைஸ் என்ற இருவர், லாரி எழுதியதாக 12 கட்டுரைகளையும், அவற்றை மேற்கோள் காட்டும் இன்னும் சில கட்டுரைகளையும் தயார் செய்தார்கள். எல்லாமே கணினி உளறல். அவற்றை ஆராய்ச்சியாளர்கள் கட்டுரை பகிரும் ரிசர்ச்கேட் தளத்தில் ஏற்றிவிட்டார்கள். ஸ்காலர் வந்து எண்ணிவிட்டுப் போனது: 132 சைட்டேஷன், எச்-இண்டெக்ஸ் 11. எங்கள் வராந்தாவில் நடமாடும் பல உதவிப் பேராசிரியர்களைவிட லாரி ஒரு படி மேல். சைட்டேஷனைக் காசுக்கு விற்பவர்கள் எப்படி வியாபாரம் செய்கிறார்கள் என்று காட்டத்தான் இதைச் செய்தார்கள். இணையத்தில் கிடக்கும் பி.டி.எஃப். எதையும் வாரிச் சேர்க்கும் குணம்தான் ராண்ட் அறிக்கைகளையும் என்.பி.இ.ஆர். வரைவுகளையும் ஸ்காலருக்குள் கொண்டுவருகிறது. பூனையும் அதே வழியில்தான் உள்ளே வந்தது. ஒன்று வேண்டும், மற்றது வேண்டாம் என்றால் நடக்காது.

என்னிடம் வருகிற இரண்டு துறைக்காரர்களுக்கு நான் செய்து கொடுப்பது இதுதான்: பட்டியல் ஸ்காலரிலிருந்து, மருத்துவக் கட்டுரைகளுக்குப் பக்கத்தில் ஐசைட் விகிதம், பொருளியல் கட்டுரைகளுக்கு ரெபெக் இணைப்பு, கல்லூரி கேட்கும் எண் ஸ்கோபஸிலிருந்து. எந்தத் தளம், எந்தத் தேதியில் எடுத்தது என்று கீழே ஒரு வரி. "இவ்வளவு எதுக்கு மேடம், பெரிய நம்பரா ஒண்ணு போடுங்க" என்பவர்களும் உண்டு. போட மாட்டேன்.

புதிதாக ப்ரொஃபைல் தொடங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கட்டுரைகளைத் தானாகவே சேர்க்கட்டுமா, மின்னஞ்சலில் உங்களைக் கேட்டுவிட்டுச் சேர்க்கட்டுமா என்று ஸ்காலர் கேட்கும். இரண்டாவதைத் தேர்வு செய்யுங்கள். குமார், செந்தில் மாதிரிப் பெயர் இருந்து, முன்னெழுத்தும் ஒத்துப்போய்விட்டால், யாரோ ஒரு பொறியாளரின் கான்கிரீட் கட்டுரை உங்கள் காசநோய் ஆய்வுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். வரைவும் அச்சுப் பிரதியும் தனித்தனியாக நின்றால், இரண்டையும் டிக் செய்து 'மெர்ஜ்' கொடுங்கள். ப்ரொஃபைலில் காட்டும் மின்னஞ்சல் சரிபார்ப்புக்குக் கல்லூரி முகவரியையே கொடுங்கள், ஜிமெயில் முகவரி அதற்கு உதவாது.