பிள்ளையின் நண்பர் சேர்க்கை: தடுக்கும் வீடும் கேட்கும் வீடும்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் முதலிய பாலக்காட்டு எல்லை ஊர்களில் தமிழ் வழியில் பத்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளை, பிளஸ் ஒன் சேர்ந்ததும் மலையாளம் பேசும் தோழர்களுக்கு நடுவே போய் அமர்கிறது. இல்லையென்றால் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ பேருந்து ஏறுகிறது. பெற்றோருக்குச் சந்தைக்குப் போதுமான மலையாளம்தான் தெரியும். பிள்ளையோ அம்மொழியில் கேலி பேசிச் சிரிக்கும் அளவுக்குத் தேறிவிடுகிறது. "சேர்க்கை சரியில்லை" என்ற பேச்சு வீட்டில் எழுவது பெரும்பாலும் அந்த ஆண்டில்தான்.

பிள்ளை வளர்ப்பை அதிகாரம், தாராளம், அன்போடு கூடிய வரம்பு என மூன்றாக 1960களில் பிரித்துக் காட்டியவர் அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட். 1983இல் மக்கோபி, மார்ட்டின் என்ற ஆய்வாளர்கள், கண்டுகொள்ளாமை என்ற நான்காவது வகையையும் சேர்த்தார்கள். எங்கள் பகுதி வீடுகளில் மெய்யான போட்டி, நண்பர்களைத் தடுக்கும் வீட்டுக்கும் அவர்களைப் பற்றிக் கேட்டறியும் வீட்டுக்கும் இடையேதான் என்பதால், இவ்விரண்டை மட்டுமே இங்கு எடை போடுகிறேன்.

தடுக்கும் வீட்டின் அச்சத்தை எள்ளி நகையாட முடியாது. போதைப் பொருளுக்கு எதிராகக் கேரளக் கலால் துறை 'விமுக்தி' என்று தனி இயக்கமே நடத்தும் காலத்தில், "அவனோடு சேராதே" என்று ஒரு தந்தை சொல்வது வெறும் முரட்டுத்தனம் ஆகாது. மேலும், கண்டிப்பு என்றாலே அன்பின்மை என்று கொள்வது எல்லாச் சமூகங்களுக்கும் பொருந்தாது என்பதைச் சீனக் குடும்பங்களை முன்வைத்து ரூத் சாவ் என்ற ஆய்வாளர் 1994இல் எழுதிக் காட்டினார். நம் வீடுகளுக்கும் அது பெரிதும் பொருந்தும் என்பது என் எண்ணம். ஆனால் பதின்ம வயதில் இந்தத் தடை எதைச் சாதிக்கிறது? நெதர்லாந்தில் கைசர்ஸ் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு, பெற்றோர் நண்பர்களை விலக்கி வைக்க முயன்ற இடங்களில் பிள்ளைகள் தவறான சேர்க்கையை நோக்கி மேலும் நகர்ந்ததைக் கண்டது. தடை விழுந்த பிறகும் நட்பு நீடிக்கும். அதைப் பற்றிய பேச்சுதான் வீட்டில் நின்றுபோகும்.

கேட்கும் வீட்டின் முதல் வலிமை அந்தப் பேச்சுதான். சுவீடனில் ஸ்டாட்டினும் கெர்ரும் 14 வயதினரிடையே நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிள்ளை எங்கே, யாரோடு இருக்கிறது என்ற பெற்றோரின் அறிவு, கண்காணிப்பால் வருவதைவிடப் பிள்ளை தானாகச் சொல்வதால் வருவதே அதிகம். பாலக்காட்டுச் சித்தூர்ப் பகவதி கோயிலின் கொங்கன்படை விழாவுக்குத் தோழி வீட்டார் அழைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். (கொங்குப் படையை வென்ற நினைவாக நடக்கும் விழாவுக்குக் கொங்குத் தமிழ் பேசும் வீட்டுப் பெண் போவதில் ஒரு தனிச் சுவை உண்டு.) தடுக்கும் வீட்டுப் பெண் "ட்யூஷன்" என்று சொல்லிவிட்டுப் போவாள். கேட்கும் வீட்டில், யார் யார் வருகிறார்கள், எந்தப் பேருந்து, இரவு அப்பா எத்தனை மணிக்கு வந்து அழைத்து வரலாம் என்று அரை மணி நேரம் வாதம் நடக்கும். அம்மா பாதி இறங்கி வருவாள், மகளும் பாதி விட்டுக்கொடுப்பாள்.

இந்த வாதத்தைப் பலர் நேர விரயமாகக் கருதுகிறார்கள். எனக்கோ இரு வீடுகளையும் பிரிக்கும் கோடே இதுதான். ஆறு மணிக்குள் வீடு திரும்பு என்பது நடத்தைக்கு வைக்கும் வரம்பு. "நீ போனால் என்னோடு பேசாதே", "உனக்காக நாங்கள் பட்ட பாடு என்ன" என்பவை மனத்தைக் கட்டும் கயிறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது என்பதை 1996இல் பிரையன் பார்பர் என்ற ஆய்வாளர் வலியுறுத்தினார். வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் 13 வயதிலிருந்து 21 வரை இளைஞர்களைத் தொடர்ந்த ஆய்வொன்று 2015இல் வெளிவந்தது. 13 வயதில் இவ்வாறு மனத்தைக் கட்டி வளர்க்கப்பட்டவர்கள், பின்னாளில் நண்பரோடு கருத்து வேறுபடும்போது தம் நிலையில் நின்றுகொண்டே உறவையும் காப்பதில் பின்தங்கினார்கள் என்கிறது அது. தாயிடம் "மாட்டேன்" என்று சொல்லிப் பழகாத பிள்ளைக்கு, பைக்கில் ஏறச் சொல்லும் நண்பனிடம் அந்தச் சொல் எளிதில் வராது.

கேட்கும் வீட்டிலும் குறை உண்டு. கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவருக்கு அரை மணி நேர வாதம் பெரும் சுமை. கேட்பது விசாரணையாகிவிட்டால் பிள்ளையின் வாய் மூடிக்கொள்ளும். மகனைக் கேட்கிற அதே வீடு மகளைத் தடுப்பதையும் பார்க்கிறேன்; அப்படிப்பட்ட வீட்டைக் கேட்கும் வீடு என்று நான் எண்ணுவதில்லை.

ஆயினும் பதின்மூன்று வயதுக்கு மேல் என் தேர்வு கேட்கும் வீடே. போதைப் பொருளின் அறிகுறி கண்ணில் படும் இடத்தில் மட்டும் தடை வேண்டும். அப்போதும் தடையைப் பிள்ளையின் தலையில் மட்டும் சுமத்திவிட்டு இருந்துவிடாமல், அன்றே வகுப்பாசிரியரையும், மொழி தடுக்கினாலும் பரவாயில்லை, அந்த நண்பனின் பெற்றோரையும் நேரில் போய்ப் பார்த்துப் பேச வேண்டும்.