மடிக்கணினி கொதிக்கும்போது: தூரிகையா, பேஸ்ட்டா, கூலிங் பேடா, வேகக் கட்டுப்பாடா?

என் மேசையில் இருப்பது ஓர் அலுவலகம் கழித்துவிட்டதைச் செகண்ட் ஹேண்டாக வாங்கிய மடிக்கணினி. உள்ளே இன்டெல் கோர் ஐ5-8250யூ பிராசஸர். சென்ற கோடையில் ஒரு பிற்பகல், ஒரு காணொளிக் கூட்டமும் பத்துப் பதினைந்து பிரௌசர் டேப்களும் திறந்திருந்தபோது, நான் தட்டச்சிட்ட எழுத்துகள் ஒரு விநாடி தாமதித்தே திரைக்கு வந்தன. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தால் பிராசஸரின் வெப்பநிலை 97 டிகிரி செல்சியஸ். பழுது பார்க்கும் கடைக்காரர், "பேஸ்ட் காஞ்சிருக்கும் சார், மாத்தினா சரியாயிடும்" என்றார். சூட்டைக் கடத்த பிராசஸரின்மேல் தடவும் தெர்மல் பேஸ்ட்டைத்தான் அவர் சொன்னார். உடன் பணிபுரிபவர், மடிக்கணினிக்கு அடியில் வைக்கும் ஃபேன் பலகையான கூலிங் பேட் வாங்கச் சொன்னார். மகன், பிராசஸருக்குப் போகும் வோல்ட்டேஜைக் குறைத்தால் போதும் என்றான். மூவரும் தத்தம் அளவில் சரிதான். ஆனால் ஒவ்வொரு வைத்தியமும் வெவ்வேறு நோய்க்கானது என்பதை மூவருமே சொல்லவில்லை.

முதலில் அந்த 97 என்ற எண்ணைப் பற்றி. இந்த பிராசஸருக்கு இன்டெல் வகுத்துள்ள உச்ச வரம்பு 100 டிகிரி. அதை நெருங்கும்போது பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இதைத்தான் த்ராட்டிலிங் என்கிறோம். ஒரு மென்பொருளைத் திறக்கும் நொடியில் வெப்பநிலை 90-ஐத் தொட்டுவிட்டு உடனே இறங்கினால் அது பழுதே அல்ல. இக்கால பிராசஸர்கள் அப்படி நடந்துகொள்ளவே வடிவமைக்கப்பட்டவை. நீண்ட நேரம் உச்சியிலேயே நின்று, 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை ஓட வேண்டியது ஒரு கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கித் தவழ்ந்தால்தான் கவலைப்பட வேண்டும். எனக்கு நடந்தது இரண்டாவது வகை.

சிலிக்கான் சில்லில் பிறக்கும் சூடு தெர்மல் பேஸ்ட் வழியாகச் செப்புத் தகட்டுக்கும், அங்கிருந்து சூட்டைக் கடத்தும் குழாயான ஹீட் பைப் வழியாக ஓரத்திலுள்ள மெல்லிய உலோக மடிப்புகளுக்கும் போய், ஃபேன் ஊதும் காற்றோடு வெளியேறுகிறது. இந்தப் பாதையில் எங்கே அடைப்பு என்று கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டியதில்லை, கணினிக்குப் பத்து நிமிடம் கனமான வேலை கொடுத்துவிட்டுக் காற்று வெளியேறும் துவாரத்தருகே புறங்கையைக் காட்டினால் போதும். ஃபேன் இரைந்தும் காற்று மெலிதாக, ஆனால் சுடச்சுட வந்தால் மடிப்புகளில் தூசி அடைத்திருக்கிறது. காற்று நன்றாக வீசியும் வெதுவெதுப்பாக மட்டுமே இருக்க, உள்ளே பிராசஸர் 95 காட்டினால், சூடு மடிப்புகளுக்கு வந்து சேரவே இல்லை. பேஸ்ட்டையோ ஹீட் பைப்பையோ சந்தேகிக்க வேண்டும். காற்று வேகமாகவும் நன்றாகச் சூடாகவும் வந்தால் குளிர்விக்கும் அமைப்பு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது; பிறக்கும் சூடே அதன் தகுதிக்கு மிஞ்சியது என்று பொருள், அதற்கு மருந்து கணினியின் மென்பொருள் அமைப்புகளில்தான் (செட்டிங்ஸ்) இருக்கிறது. என் கணினியில் காற்று ஏறக்குறைய வரவே இல்லை.

ஆகவே தூசி தட்டுவதிலிருந்தே தொடங்கினேன். ஏறக்குறைய எல்லோரும் தொடங்க வேண்டிய இடமும் அதுதான் என்பது என் கருத்து. அடிமூடியைக் கழற்றியபோது ஃபேன் இறக்கைகள் ஓரளவு சுத்தமாகவே தெரிந்தன. வெளியிலிருந்து ஊதிவிட்டு, சுத்தம் செய்தாயிற்று என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஃபேனின் மூடியையும் எடுத்த பிறகு, இறக்கைகளுக்கும் மடிப்புகளுக்கும் நடுவே, கம்பளித் துணியைக் கத்தரித்து ஒட்டியதைப் போல ஒரு சாம்பல் நிறப் பட்டை நெடுக்க ஒட்டிக்கொண்டிருந்தது. இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுதாக உரிந்து வந்தது. வெளியிலிருந்து ஊதும் காற்று அந்தப் பட்டையை உடைத்து உள்ளேயே சிதறடிக்குமே தவிர வெளியே தள்ளாது. ஊதும்போது இறக்கைகளை ஒரு பல்குத்தும் குச்சியால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் கெட்டுப்போகலாம். பேட்டரியின் இணைப்பை முதலில் கழற்றிவிடுவது நல்லது. செலவு ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஒரு பழைய பெயின்ட் தூரிகையும் மட்டுமே. பலன் என் விஷயத்தில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது. அதே கூட்டம், அதே டேப்கள், வெப்பநிலை எண்பதுகளின் தொடக்கத்தில் நின்றது.

கூலிங் பேடை இதனோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதன் வலுவின்மை உடனே புலப்படும். யு.எஸ்.பி 2.0 துவாரம் தரக்கூடியது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது இரண்டரை வாட். அந்த மின்சாரத்தில் இரண்டு மூன்று ஃபேன்களையும் நீல விளக்குகளையும் ஓட்டினால் காற்று எவ்வளவு மிஞ்சும் என்று யோசித்துக்கொள்ளலாம். பேடின் ஃபேன்கள் மடிக்கணினியின் அடியிலுள்ள காற்று உறிஞ்சும் துளைகளுக்கு நேராக அமைய வேண்டும், பெரும்பாலும் அமைவதில்லை. சில கணினிகள் விசைப்பலகை வழியாகக் காற்றை இழுக்கின்றன, அவற்றுக்கு அடியில் எவ்வளவு ஊதினாலும் வீண். உண்மையில் பேடால் கிடைக்கும் பலனில் பெரும்பகுதி, கணினி மேசையிலிருந்து சற்று உயர்வதால் மட்டுமே வருகிறது. பின்பக்கத்தை இரண்டு அழிரப்பர்கள் மேல் தூக்கி வைத்தாலே அந்தப் பகுதி கைக்கு வந்துவிடும். மெத்தை மேலும் மடி மேலும் வைத்து வேலை செய்பவர்களுக்கு மட்டும், காற்றுத் துளைகள் மூடாமல் இருக்க ஒரு கெட்டியான பலகை என்ற அளவில் பேட் நியாயமான பொருள்தான். தனி அடாப்டரில் இயங்கும், விளிம்பில் பஞ்சுப் பட்டை வைத்து அடைத்த பெரிய ஊதுவிசிறிகள் வேறு இனம். அவை சூட்டைக் கணிசமாகக் குறைக்கும், கூடவே அறையையும் இரைச்சலால் நிரப்பும்.

அடுத்தது பேஸ்ட். கடைகளில் முதலில் சொல்லப்படும் வைத்தியமும், அதிக மூடநம்பிக்கை சூழ்ந்த வைத்தியமும் இதுதான். பெட்டிமேல் அச்சிட்ட வெப்பக்கடத்து எண்ணைப் பார்த்துத்தான் பலரும் பேஸ்ட் வாங்குகிறார்கள். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: என்னுடையது போன்ற பிராசஸரின் 15 வாட் சூடு, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பு, மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு தடிமனில் பேஸ்ட், அதன் கடத்துதிறன் 8 (மீட்டர்-கெல்வினுக்கு வாட் என்ற அலகில்) என்று கொண்டால், பேஸ்ட்டைக் கடக்கும்போது ஏற்படும் வெப்பநிலை வேறுபாடு ஒரு டிகிரிக்கும் குறைவு. சில்லில் சூடு ஒரே சீராகப் பிறப்பதில்லை என்பதால் நடைமுறையில் இது சற்றுக் கூடும்; ஆனாலும், 8-க்குப் பதில் 12 வாங்குவதால் இத்தகைய குறைந்த வாட் பிராசஸரில் கிடைக்கும் ஆதாயம் கண்ணுக்குத் தெரியாது. மாறாக, பேஸ்ட் காய்ந்தோ ஒதுங்கியோ நடுவில் காற்று புகுந்துவிட்டால் கதை தலைகீழ்: காற்றின் கடத்துதிறன் 0.026, அதாவது பேஸ்ட்டில் முந்நூற்றில் ஒரு பங்கு. எனவே கேட்க வேண்டிய கேள்வி எந்த பேஸ்ட் சிறந்தது என்பதல்ல, எந்த பேஸ்ட் வைத்த இடத்திலேயே இருக்கும் என்பது.

மடிக்கணினியில் சில்லின் மேல் உலோக மூடி கிடையாது. செப்புத் தகடு நேராகச் சில்லின்மேல் அமர்கிறது. சூடேறி விரிந்து, ஆறிச் சுருங்கி, இது நாளுக்குப் பலமுறை நடக்கும்போது நீர்த்த பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குப் பிதுங்கிவிடுகிறது. பேஸ்ட் மாற்றிய சில மாதங்களிலேயே பழையபடி சூடாகிறது என்று புலம்புபவர்களின் கணினிகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். இதற்கு இன்று கிடைக்கும் சிறந்த பதில், என் மதிப்பீட்டில், பேஸ்ட்டுக்குப் பதிலாக வைக்கும், ஹனிவெல் நிறுவனத்தின் பிடிஎம்7950 போன்ற தாள்கள். அறை வெப்பத்தில் திடமாக இருந்து, ஏறத்தாழ 45 டிகிரியில் இளகிப் படிந்துகொள்ளும் இவை எளிதில் பிதுங்குவதில்லை. மேலுறை உரியாமல் தாளே கிழிந்து வருவது இவற்றின் தொல்லை. சிறிது நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்தால் சுலபமாக உரியும். போலித் தாள்களும் சந்தையில் உலவுகின்றன. எந்தப் பொருளை வைத்தாலும், பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொப்பில் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, தகட்டில் குறித்துள்ள 1, 2, 3, 4 என்ற வரிசைப்படி திருகுகளைச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒரு மூலையை முதலில் முழுதாக இறுக்கினால் தகடு சாய்ந்து உட்காரும்.

திரவ உலோகத்தைப் பரிந்துரைப்பவர்களும் உண்டு. காலியம் கலந்த அந்த உலோகத்துக்கு 73 என்ற கடத்துதிறன் சொல்லப்படுகிறது. சோனியின் பிளேஸ்டேஷன் 5-இலும் அவ்வகைப் பொருள்தான் இருக்கிறது. ஆனால் அது மின்சாரத்தையும் கடத்தும், அலுமினியத்தை அரித்துவிடும். பையில் போட்டுப் பேருந்தில் எடுத்துச் செல்லும் 15 வாட் கணினிக்கு இதைத் தடவுவது, ஒரு டிகிரி ஆதாயத்துக்கு மதர்போர்டையே பணயம் வைப்பதாகும். அதிக வாட் விளையாட்டுக் கணினி வைத்திருப்போர் வேண்டுமானால் யோசிக்கலாம்.

கடைசியாக, சூட்டை வெளியேற்றுவதற்குப் பதிலாக அது பிறப்பதையே குறைக்கும் வழி. பிராசஸர் செலவிடும் மின்திறன் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறுகிறது. வேகத்தைத் தொடாமல் வோல்ட்டேஜைப் பத்து சதவீதம் குறைத்தால் அந்த மின்திறன் 81 சதவீதமாகிவிடும். வேகத்தை இழக்காமல் சூடு மட்டும் குறைவதால் கோட்பாட்டளவில் இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் 2019 டிசம்பரில், வோல்ட்டேஜைத் திட்டமிட்டுக் குறைத்து பிராசஸரின் பாதுகாக்கப்பட்ட பகுதியில் கணக்குப் பிழைகளை உண்டாக்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிளண்டர்வோல்ட் என்று பெயர் பெற்ற அந்தத் தாக்குதலுக்குப் பிறகு பல நிறுவனங்கள், கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் புதுப்பிப்பில், வோல்ட்டேஜைக் குறைக்கும் வசதியைப் பூட்டிவிட்டன. வோல்ட்டேஜை மாற்ற உதவும் த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளை மகன் நிறுவிப் பார்த்தான். என் கணினியிலும் பூட்டுதான். பழைய பயாஸுக்குத் திரும்பினால் திறக்கலாம் என்கிறார்கள். பாதுகாப்புத் திருத்தத்தைக் கழற்றி எறிந்து சூட்டைக் குறைக்க நான் துணியவில்லை.

பூட்ட முடியாத எளிய வழி ஒன்று விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் இருக்கிறது. பிராசஸரின் அதிகபட்ச நிலையை 100-லிருந்து 99 சதவீதமாக்கினால் என்னுடையது போன்ற பிராசஸர்களில், அடிப்படை வேகத்துக்கு மேலே தாவும் டர்போ முற்றிலும் நின்றுவிடும், 3.4 வரை தாவியது அடிப்படை வேகமான 1.6-லேயே, தயாரிப்பாளர் சற்று உயர்த்தியிருந்தால் 1.8-லேயே, நின்றுவிடும். ஒரே ஒரு சதவீதம் பாதி வேகத்தைத் தின்றுவிடுவது வேடிக்கைதான், ஆனால் கடிதம், கணக்கு, காணொளி ஆகியவற்றுக்கு இது போதும், ஃபேனும் வாய் மூடும். நிரல் தொகுப்பவர்களுக்கும் காணொளி வெட்டுபவர்களுக்கும் ஒத்துவராது. அவர்கள் டர்போவை விட்டுவைத்து, பிராசஸர் தொடர்ந்து செலவிடக்கூடிய மின்திறனின் வரம்பை மட்டும் சில வாட் குறைப்பது மேல். மென்பொருள் அமைப்பு மட்டுமே எவ்வளவு தூரம் மாற்றும் என்பதற்கு 2018 ஜூலையில் ஒரு பகிரங்க உதாரணம் கிடைத்தது. அப்போது வந்த மேக்புக் ப்ரோவின் ஐ9 ரகம் சூட்டில் தன் அடிப்படை வேகத்துக்கும் கீழே விழுவதாக ஒரு யூடியூபர் காட்டினார். சில நாள்களில் ஆப்பிள், ஃபர்ம்வேரில் (கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) ஒரு டிஜிட்டல் சாவி விடுபட்டுப்போனதே காரணம் என்று ஒப்புக்கொண்டு மென்பொருள் திருத்தம் வெளியிட்டது. ஒரு திருகைக்கூட யாரும் கழற்றவில்லை.

என் கணினி இப்போது தூசி நீக்கப்பட்டு, பின்பக்கம் இரண்டு அழிரப்பர்களின் மேல் நிற்கிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை மட்டும் 99 சதவீதம். பேஸ்ட்டை இன்னும் மாற்றவில்லை, அதற்கான அறிகுறி துவாரத்தில் தெரியவில்லை.

இவை எல்லாவற்றையும் செய்தும் இறங்காத கணினிகள் சில உண்டு. அவற்றில் ஹீட் பைப்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும், சுடும் என்பதால் ஒரு நொடி மட்டும். பிராசஸர் பக்க முனை கொதித்து, ஃபேன் பக்க முனை ஆறிக்கிடந்தால், குழாய்க்குள் இருந்த சொற்ப நீர் கசிந்துபோயிருக்கலாம். அதற்கு ஒட்டோ பேஸ்ட்டோ கிடையாது. ஃபேன் மேலுள்ள ஸ்டிக்கரில் அச்சிட்ட பாக எண்ணைக் குறித்துக்கொண்டு, தகடு, குழாய், மடிப்புகள் சேர்ந்த ஹீட் சிங்க்கை முழுதாக மாற்ற வேண்டியதுதான்.