புதுச்சேரிக்கு எந்த வழி: கோவாவா, தில்லியா, சந்திரநாகூரா?

தில்லியில் எந்தப் படிவத்தை நிரப்பினாலும் 'மாநிலம்' என்று ஒரு கட்டம் வந்துவிடும். நிரந்தர முகவரிக்குக் காரைக்கால், புதுச்சேரி என்று எழுதுவேன். தற்போதைய முகவரிக்கு மயூர் விஹார், தில்லி. இரண்டுமே மாநிலம் கிடையாது, ஒன்றியப் பகுதிகள், அதாவது யூனியன் பிரதேசங்கள். பிறந்ததிலிருந்து இன்றுவரை ஒரு முழு மாநிலத்தில் நான் ஓட்டுப் போட்டதே இல்லை.

இது எனக்கு ஒரு குறையாகவே பட்டதில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலை மந்திரில் சாமி கும்பிட்டுப் படியிறங்கிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அம்மாவிடமிருந்து போன் வந்தது. ஒரு சான்றிதழில் அப்பா பெயரில் ஓர் எழுத்துப் பிழை. திருத்த எட்டு மாதமாக அலைகிறாள். "ஃபைல் பாண்டிக்குப் போயிருக்காம்ப்பா" என்றாள். காரைக்காலில் வளர்ந்தவர்கள் தாலாட்டோடு சேர்த்துக் கேட்ட வாக்கியம் இது. பாண்டியில் போய் விசாரித்தால், பெரிய விஷயமாக இருந்தால், "தில்லிக்குப் போயிருக்கு" என்பார்கள். நானோ தில்லியில்தான் இருக்கிறேன். இங்கே எந்தக் கட்டடத்தில் எந்தக் கோப்பு தூங்குகிறது என்று யாருக்குத் தெரியும்?

போனை வைத்ததும் பக்கத்தில் நின்ற கும்பகோணத்துக்காரர், மத்திய அரசில் ஓய்வு பெற்றவர், தீர்ப்பு சொல்லிவிட்டார்: "காரைக்கால் எங்க பழைய தஞ்சாவூர் ஜில்லாவுக்கு நடுவுலதானே இருக்கு. பேசாம தமிழ்நாட்டோட சேர்த்துட வேண்டியதுதானே?" கூட வந்திருந்த வக்கீல் தம்பி, "இல்ல சார், தில்லிக்கு இருக்கிற மாதிரி அரசமைப்பில் தனிப் பிரிவு கேட்கணும்" என்றான். வீட்டுக்கு வந்து மாடி ஏறும்போது எதிர்ப்பட்ட மேல் மாடிக்காரரிடம் சொன்னேன். அவர் கோவாக்காரர். சிரித்துக்கொண்டே, "எங்களைப் போல மாநிலமாகிவிடுங்கள், விட்டது தொல்லை" என்றார்.

ஆக மூன்று வழி. கோப்பு எத்தனை இடத்தில் நின்று போகிறது என்பதை வைத்தே மூன்றையும் பார்க்கிறேன்.

முதலில் இப்போதைய நிலை. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்ற நான்கு பிரெஞ்சுத் துண்டுகள். எல்லாம் சேர்த்தும் 500 சதுர கிலோமீட்டர் தேறாது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 12.5 லட்சம். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1956இல் ஒப்பந்தம் கையெழுத்தானாலும் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர 1962 ஆகிவிட்டது. அல்ஜீரியப் போர் முடியட்டும் என்று காத்திருந்தார்கள். அதனால்தான் எங்களுக்கு ஆகஸ்ட் 15க்கு மறுநாளும் விடுமுறை. சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16.

அதே ஆண்டு அரசமைப்பில் 239ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஒன்றியப் பகுதிகளுக்குச் சட்டமன்றமும் அமைச்சரவையும் தரலாம் என்பது அதன் சாரம். அன்று அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் ஐந்து பேர்: இமாச்சலப் பிரதேசம், மணிப்பூர், திரிபுரா, கோவா டாமன் டையூ, அப்புறம் பாண்டிச்சேரி. இமாச்சல் 1971இல் மாநிலமாகத் தேறியது. மணிப்பூரும் திரிபுராவும் 1972இல். கோவா 1987இல். நாங்கள் மட்டும் அதே பெஞ்சில். 2019இல் ஜம்மு காஷ்மீரை ஒன்றியப் பகுதியாக்கியபோது, புதுச்சேரிக்கு உள்ள அந்தப் பிரிவே அதற்கும் பொருந்தும் என்று எழுதிவைத்தார்கள். பெஞ்சுக்குப் புதிதாக ஓர் ஆள் வந்தது.

கும்பகோணத்துக்காரர் சொன்ன வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அதற்கு உதாரணம் சந்திரநாகூர். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் நாகூர் இல்லை, கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இருக்கும் ஐந்தாவது பிரெஞ்சுத் துண்டு. 1949இலேயே வாக்கெடுப்பில் இந்தியா பக்கம் போனது. 1954இல் மேற்கு வங்கத்தோடு இணைத்துவிட்டார்கள். இன்று ஹூக்ளி மாவட்டத்தில் ஒரு மாநகராட்சி. ஜகதாத்ரி பூஜைக்கு விளக்கலங்காரம் பிரமாதமாக இருக்கும் என்பார்கள். கோப்புக்கு நல்லதுதான், கல்கத்தாவில் முடிந்துவிடும். ஆனால் புதுச்சேரியில் இந்த யோசனை ஒருமுறை வாயிலிருந்து வெளியே வந்ததற்கே ஊர் பற்றி எரிந்தது. 1979 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் பிரதமராக இருந்தபோது, தமிழ்நாட்டோடு இணைக்கும் பேச்சு கிளம்பிக் கலவரத்தில் முடிந்தது. மதுவிலக்கு பயம்தான் காரணம் என்று இன்றும் கிண்டலாகச் சொல்பவர்கள் உண்டு. வாஞ்சூரில் எல்லை தாண்டி நாகூர்ப் பக்கம் போகிறவர்களின் பையைச் சோதிக்கும் காவலர்களைப் பார்த்தால் அந்தக் கிண்டலில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம் என்று தோன்றும். ஆனால் வேலை, கல்லூரி இடம், சிறிய ஊர் என்பதால் அமைச்சரையே தெருவில் நிறுத்திக் கேட்கக்கூடிய வசதி எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் பிடிவாதம். தவிர, 1956 ஒப்பந்தத்தின் இரண்டாவது ஷரத்து, இந்தப் பகுதிகளின் தனி நிர்வாக நிலையை மாற்றுவதென்றால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே மாற்றவேண்டும் என்கிறது. இந்த வழிக்கு ஊரில் ஆள் இல்லை.

வக்கீல் தம்பியின் வழி கேட்க அழகாக இருக்கிறது. 1991இல் 69ஆவது திருத்தத்தின் மூலம் தில்லிக்கு 239ஏஏ கிடைத்தது. புதுச்சேரி சட்டமன்றம் நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சாதாரணச் சட்டத்தில், அதாவது 1963ஆம் ஆண்டு ஒன்றியப் பகுதிகள் அரசுச் சட்டத்தில் நிற்கிறது. தில்லியுடையது அரசமைப்பிலேயே நிற்கிறது. அஸ்திவாரம் கெட்டி என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது? போலீஸ், பொது ஒழுங்கு, நிலம் மூன்றும் தில்லி சட்டமன்றத்துக்கு இல்லை. புதுச்சேரிக்கு ஏட்டில் மாநிலப் பட்டியல் முழுவதும் உண்டு. சிவப்புக் குல்லாய் போட்ட எங்கள் போலீஸ் எங்கள் அரசின் கீழ்தான். காகிதத்தில் பார்த்தால் தில்லிக்காரர்தான் எங்களைப் பார்த்துப் பொறாமைப்படவேண்டும்.

நடைமுறை வேறு. இரண்டு இடத்திலும் துணைநிலை ஆளுநர் உண்டு. அமைச்சரவையோடு ஒத்துப்போகவில்லை என்றால் குடியரசுத் தலைவருக்கு, அதாவது மத்திய அரசுக்கு, அனுப்பலாம். 2018 ஜூனில் அன்றைய தில்லி முதல்வர் கெஜ்ரிவால் ஆளுநர் மாளிகையின் காத்திருப்பு அறையில் ஒன்பது நாள் உட்கார்ந்தார். சோபாவில் படுத்திருந்த படத்தை எல்லோரும் பார்த்தோம். எட்டு மாதம் கழித்து, 2019 பிப்ரவரியில், புதுச்சேரி முதல்வர் நாராயணசாமி கறுப்புச் சட்டையோடு அன்றைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடியின் ராஜ்நிவாஸ் வாசலில் நாள் கணக்கில் உட்கார்ந்தார். தில்லிக்காரருக்கு சோபா கிடைத்தது, எங்களவருக்குத் தெருதான். நான் சிரித்துவிட்டேன், அப்புறம் சங்கடமாகவும் இருந்தது.

தில்லிக்கு அந்தத் தனிப் பிரிவு எவ்வளவு காப்பு தந்தது என்பதற்கு 2023 மே மாதம் ஒன்று போதும். 11ஆம் தேதி உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, அதிகாரிகளை இடமாற்றும் உரிமை தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்கே என்றது. 19ஆம் தேதி மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஆகஸ்டில் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று. இடமாற்றங்களை ஒரு குழு பரிந்துரைக்கும். அதில் முதல்வர் ஒருவர், தலைமைச் செயலர் ஒருவர், உள்துறை முதன்மைச் செயலர் ஒருவர். முடிவு பெரும்பான்மைப்படி. இரண்டு அதிகாரிகள் கைதூக்கினால் முதல்வர் தோற்றார்.

இங்கே வாழ்கிறவனாக இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் சந்தில் ஒரு மழைக்காலம் முழுக்க முழங்கால் தண்ணீர் நின்றது. ஓர் அலுவலகம் சாக்கடை எங்களுடையது, சாலை இல்லை என்றது. இன்னொன்று சாலை எங்களுடையது, அதன் கீழே ஓடுவது இல்லை என்றது. மூன்றாவது, நிலமே எங்களுடையது, ஆனால் பராமரிப்பு எங்கள் வேலை இல்லை என்றது. மூன்றும் மூன்று வெவ்வேறு எஜமானர்களுக்குப் பதில் சொல்பவை. செப்டம்பரில் தண்ணீர் தானாக வடிந்தது. தம்பி, இந்த ஏற்பாட்டையா காரைக்காலுக்கு வாங்கித் தரச் சொல்கிறாய்?

மீதமிருப்பது கோவா. இதில்தான் எனக்கு மனசு போகிறது, இதில்தான் தயக்கமும்.

கோவா எங்களைவிட ஏழு மடங்குக்கும் மேல் பெரிது, 3,702 சதுர கிலோமீட்டர். ஆனால் மக்கள்தொகை 14.6 லட்சம்தான், எங்களுக்குக் கொஞ்சம் மேலே. சிக்கிமில் அதில் பாதிகூட இல்லை. எனவே 'சின்ன ஊருக்கு எதற்கு மாநிலம்' என்பது செல்லாது. 1961 டிசம்பர் 19 அன்று ராணுவ நடவடிக்கையில் போர்த்துகீசியர் வெளியேறினார்கள். மகாராஷ்டிரத்தோடு இணைப்பதா, ஒன்றியப் பகுதியாகவே இருப்பதா என்று 1967 ஜனவரி 16 அன்று மக்களிடமே கேட்டார்கள். முதல்வர் தயானந்த் பந்தோட்கர் இணைப்பை ஆதரித்தவர். வாக்கெடுப்பு நியாயமாக நடக்கவேண்டும் என்று அவருடைய அரசு முன்கூட்டியே பதவி விலகியது. இணைப்புக்கு 1,38,170 வாக்கு, தனித்திருக்க 1,72,191 வாக்கு. அவர் நின்ற பக்கம் தோற்றது. இரண்டு மாதத்தில் நடந்த தேர்தலில் அதே மக்கள் அவரையே மறுபடி முதல்வராக்கினார்கள். 'உன் ஆட்சி வேண்டும், உன் யோசனை வேண்டாம்' என்று இவ்வளவு பக்குவமாக ஒரு ஊர் சொன்னதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. பிறகு இருபது ஆண்டு காத்திருப்பு, கொங்கணி மொழிக்கான போராட்டம். 1987 பிப்ரவரியில் கொங்கணி ஆட்சிமொழி, மே 30 அன்று இருபத்தைந்தாவது மாநிலம்.

மாநிலமானதில் என்ன வித்தியாசம் என்று மேல் மாடிக்காரரிடம் கேட்டால் தோளைக் குலுக்குவார். அவருக்குத் தெரியாது, ஏனென்றால் தொல்லை இல்லை. எனக்குத் தெரியும். கோவா சட்டமன்றத்தில் 40 பேர், எல்லோரும் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள். எங்களிடம் 30 பேர் போக, மத்திய அரசு மூன்று பேர் வரை நியமிக்கலாம். எங்கள் அரசைக் கேட்காமலே நியமிக்கலாம், அவர்கள் ஓட்டும் போடலாம் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2021 பிப்ரவரியில் நாராயணசாமி அரசு கவிழ்ந்த அன்று எதிரணியிலிருந்த 14 பேரில் மூவர் அப்படி வந்தவர்கள். தில்லி சட்டமன்றத்தில்கூட இது கிடையாது. பட்ஜெட்டுக்கும் எங்களுக்கு மத்திய அரசின் முன்அனுமதி வேண்டும். கோவா நிதியமைச்சர் யாரையும் கேட்காமல் தாக்கல் செய்துவிட்டுப் போகிறார்.

அப்புறம் பணம். மத்திய வரிகளைப் பங்கிடும் நிதிக்குழு மாநிலங்களைத்தான் பார்க்கும். பதினைந்தாவது நிதிக்குழு கோவாவுக்கு, மாநிலங்களின் மொத்தப் பங்கில் 0.386 சதவீதம் தந்தது. கேட்கச் சின்ன எண், ஆனால் உரிமையாக வருவது. எங்களுக்கு வருவது மானியம், ஒவ்வோர் ஆண்டும் கேட்டு வாங்கவேண்டியது. வேடிக்கை என்னவென்றால் ஜிஎஸ்டி சட்டத்தில் புதுச்சேரியும் மாநிலம்தான், கவுன்சிலில் ஓட்டும் உண்டு. வசூலிக்கும்போது மாநிலம், பங்கு போடும்போது இல்லை. கோவாவின் சுரங்கமும் சுற்றுலாவும் எங்களிடம் இல்லை, மானியம் நின்றால் சம்பளம் போட முடியாது என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. கோவா மாநிலமான பின்னும் அதன் ஐஏஎஸ் அதிகாரிகள் ஒன்றியப் பகுதிகளோடு சேர்ந்த கூட்டுப் பிரிவிலிருந்துதான் வருகிறார்கள் என்பதையும் சொல்லிவிடவேண்டும். தில்லி முழுசாகக் கையை விடுவதில்லை.

மாநிலத் தகுதி கேட்டுப் புதுச்சேரி சட்டமன்றம் பத்துக்கும் மேற்பட்ட முறை தீர்மானம் போட்டாயிற்று. எல்லாக் கட்சிக்கும் சம்மதம். நானும் சம்மதம்தான், ஒரு கேள்வி மட்டும் பாக்கி. காரைக்காலுக்கும் புதுச்சேரிக்கும் நடுவே 130 கிலோமீட்டர். தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். அதையாவது ஒரு பகலில் பஸ்ஸில் போய்வரலாம். மாஹே கேரளத்தில், 600 கிலோமீட்டருக்கு அப்பால், ஒன்பதே சதுர கிலோமீட்டர். ஏனாம் கோதாவரிக் கரையில், 800க்கு அப்பால். சட்டமன்றத்தில் ஆளுக்கு ஒரு இடம். 2021இல் என்.ஆர். காங்கிரஸ் தலைவர் ரங்கசாமி ஏனாமிலும் நின்றார். ஊர்க்காரர்கள் சுயேச்சை ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவரைத் தோற்கடித்தார்கள்.

பழைய கோவா சட்டமன்றத்தில் இருந்தது 30 இடம். கோவாவுக்கு 28, டாமனுக்கு ஒன்று, டையூவுக்கு ஒன்று. எண்ணிக்கைகூட எங்களைப் போலவே. 1987இல் கோவா மாநிலமானபோது டாமனும் டையூவும் வெளியே விடப்பட்டன, ஆளுக்கு ஒன்றாக இருந்த எம்எல்ஏ இடமும் போயிற்று. 2020 ஜனவரி 26 முதல் அவை தாத்ரா நகர் ஹவேலியோடு சேர்ந்து ஒரே ஒன்றியப் பகுதி, சட்டமன்றம் இல்லாதது. புதுச்சேரி மாநிலமாகும் நாளில் மாஹேக்காரரிடமும் ஏனாம்காரரிடமும் தனித்தனியாகக் கேட்கவேண்டும், 1956 ஒப்பந்தம் சொன்ன மாதிரி. எங்கள் காரைக்காலிலும் கேட்டால் நல்லது.

நேற்று மாடிப்படியில் மறுபடி பார்த்தபோது மேல் மாடிக்காரரிடம் டாமனைப் பற்றிக் கேட்டேன். கையிலிருந்த பால் பாக்கெட்டைப் படிக்கட்டுக் கைப்பிடிமேல் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"டாமனா? ஆமாம், அதுவும் ஒருகாலத்தில் நாங்கள்தான், இல்லையா?" என்றார்.