நெக்-த்ரூவா, போல்ட்-ஆனா? ஜாக்சன் சோலோயிஸ்ட்டும் ஐபனெஸ் ஆர்ஜியும்

மெட்டல் வாசிக்க எலக்ட்ரிக் கிதார் தேடுகிறவர்கள் பலர் கடைசியில் ஜாக்சன் சோலோயிஸ்ட், ஐபனெஸ் ஆர்ஜி ஆகிய இந்த இரண்டுக்கு நடுவில்தான் வந்து நிற்கிறார்கள். இரண்டிலும் ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) 25.5 அங்குலம், 24 ஃப்ரெட் (நெக்கில் பதித்த உலோகக் கோடுகள்), பெரும்பாலான மாடல்களில் ஃப்ளாய்ட் ரோஸ் வகை பிரிட்ஜ், அதாவது கம்பியைப் பூட்டி வைக்கும், அசைக்கக்கூடிய கம்பித் தாங்கி. பெரிய வித்தியாசம் நெக் (விரல் வைத்து வாசிக்கும் நீண்ட தண்டு) பாடியோடு சேரும் விதம். 1984-இல் வந்த சோலோயிஸ்ட்டில் மேப்பிள் தண்டு ஹெட்ஸ்டாக்கில் (கம்பியை முறுக்கும் தலைப்பகுதி) தொடங்கி ஸ்ட்ராப் பட்டன் வரை ஒரே ஓட்டமாக ஓடுகிறது. பாடி என்று நாம் பிடிப்பது அதன் இரு பக்கமும் ஒட்டிய மரம். இதுதான் நெக்-த்ரூ. 1987-இல் வந்த ஆர்ஜி550-இன் வம்சத்தில் நெக் தனி, பாடி தனி, இணைப்பது நான்கு ஸ்க்ரூ. இது போல்ட்-ஆன்.

கடையில் முதலில் சொல்வது சஸ்டெயின். நெக்-த்ரூவில் ஸ்வரம் நிற்கும், போல்ட்-ஆனில் சீக்கிரம் அடங்கிவிடும் என்பார்கள். சிக்னலை மிகவும் பெருக்கி ஒலியைக் கரகரக்க வைக்கும் ஹை-கெயின் ஆம்ப்பில் இந்தப் பேச்சு எடுபடாது. டிஸ்டார்ஷனே சத்தத்தை அமுக்கிச் சமப்படுத்துகிறது. ஸ்வரம் நீள்வதைத் தீர்மானிப்பது பிக்கப்பும் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) கெயினும் ஸ்பீக்கருக்கும் கிதாருக்கும் உள்ள தூரமும்தான். சில கிதார்களில் நெக்கின் ஓரிரு இடங்களில் ஸ்வரம் சட்டென்று செத்துப்போகும். அது நெக்கின் அதிர்வால் வருவது, நெக்-த்ரூவிலும் வரலாம். ஹெட்ஸ்டாக்கில் ஒரு சிறிய கிளாம்ப் மாட்டினால் செத்த இடம் நகர்வதைக் கேட்கலாம்.

சோலோயிஸ்ட் உண்மையில் ஜெயிக்கும் இடம் மேல் ஃப்ரெட்கள். பின்னால் குதிகால் (நெக் பாடியோடு சேரும் இடத்துத் தடித்த பகுதி) என்று ஒன்று இல்லாததால், 22-ஆம் ஃப்ரெட்டில் கம்பியைத் தள்ளி முழு ஸ்வர பெண்ட் போடும்போதும் கட்டைவிரல் இடிபடாது. ஐபனெஸ் இதற்கு ஆல் ஆக்சஸ் இணைப்பு வைத்திருக்கிறது: தகடு கிடையாது, குதிகாலை வழித்து, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் தனித்தனி வளையத்தில் இறக்கியிருப்பார்கள். வசதிதான், ஆனால் சோலோயிஸ்ட் அளவுக்கு இல்லை. கீழ் ஃப்ரெட்களில் திரும்பத் திரும்ப வரும் ரிஃப் மட்டுமே வாசிப்பவருக்கு இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது.

பராமரிப்பில் நிலைமை தலைகீழ். பிரிட்ஜை அடிவரை இறக்கியும் 12-ஆம் ஃப்ரெட்டில் கம்பி உயரம் 1.5 மி.மீ-க்கு வரவில்லை என்றால் நெக் கோணம் தவறு. ஆர்ஜியில் இது அரை மணி நேர வேலை. கம்பியைத் தளர்த்தி நெக்கைக் கழற்றி, 0.5 டிகிரி சாய்வுள்ள மரச் சில்லை பாக்கெட்டில் (பாடியில் நெக் உட்காரும் குழி) வையுங்கள். தடித்த முனை பிரிட்ஜ் பக்கம், சுமார் 0.65 மி.மீ. பிரிட்ஜுக்கு ஏறத்தாழ 2 மி.மீ இறக்கம் கூடுதலாகக் கிடைக்கும். திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூவை முதலில் இடப்பக்கம் சுற்றுங்கள். பழைய புரியில் 'டக்' என்று விழுந்த பிறகு குறுக்குக்குறுக்காக முறுக்குங்கள். கம்பியைப் பாதி இழுவிசைக்கு ஏற்றி, ஸ்க்ரூக்களைக் கால் சுற்று விட்டு மறுபடி இறுக்கினால், நெக் தானே பாக்கெட்டில் ஒட்டி உட்காரும். வெறியோடு முறுக்க வேண்டாம். உள்ளே நட்டு இல்லை, ஸ்க்ரூ மரத்தைத்தான் கடிக்கிறது. புரி போய்விட்டால் கடின மரக் குச்சியைப் பசை போட்டு அடைத்து, மறுபடி துளையிட வேண்டிவரும்.

அதே கோளாறு நெக்-த்ரூவில் வந்தால் பிரிட்ஜ் குழியை ஆழப்படுத்துவதோ ஃப்ரெட்களைத் தேய்த்துச் சமன் செய்வதோதான் வழி. இரண்டும் லூதியர் (கிதார் செய்து பழுதுபார்ப்பவர்) வேலை, செலவும் அதிகம். ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் உலோகத் தண்டு) உடைந்தாலோ நெக் முறுக்கிக்கொண்டாலோ ஆர்ஜிக்கு வேறு நெக் வாங்கலாம். சோலோயிஸ்ட்டில் அந்தப் பேச்சே இல்லை. இதற்காக நெக்-த்ரூவை வாங்கவே கூடாது என்பதில்லை, ஆனால் பழையதாக வாங்கினால் கவனம் இரண்டு மடங்கு வேண்டும்.

ட்யூனிங்கை அடிக்கடி மாற்றுபவர்களுக்கு ஆர்ஜியைத்தான் சொல்வேன், அதிலும் அசையாத பிரிட்ஜ் உள்ள மாடல். ட்ராப் சி என்ற தாழ்ந்த ட்யூனிங்குக்கு 11-54 செட் (மெல்லிய, தடித்த கம்பிகளின் விட்டம், ஆயிரத்தில் ஒரு அங்குலக் கணக்கில்) போதும், 12-56 இன்னும் இறுக்கம். கம்பி தடித்தால் ரிலீஃப் (நெக்கின் லேசான முன்வளைவு) மாறும். ட்ரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல் 0.2 மி.மீ அளவுக்குக் கொண்டுவாருங்கள். இது இரண்டு வகைக்கும் பொது. ஃப்ளாய்ட் ரோஸ் இருந்தால் பின்னால் ஸ்ப்ரிங்கையும் சரிக்கட்ட வேண்டும்.

ஒரே ட்யூனிங்கில் நின்று, பாட்டின் பாதியை 15-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் வாசிக்கிற லீட் கிதாரிஸ்டுக்கு சோலோயிஸ்ட். விலை இடித்தால் சோலோயிஸ்ட்டின் விலை குறைந்த மாடலான எஸ்எல்எக்ஸ் பாருங்கள், அதுவும் நெக்-த்ரூதான்.

வாங்கும் முன் இரண்டு ஓரக் கம்பிகளையும் நெக் நெடுக ஒரே பார்வையில் பாருங்கள். ஒன்று ஃப்ரெட் விளிம்பை ஒட்டி ஓடினால், போல்ட்-ஆனில் ஸ்க்ரூவைத் தளர்த்தி நெக்கை ஒரு நூல் நகர்த்திச் சரிசெய்யலாம். நெக்-த்ரூவில் அப்படி இருந்தால் அந்தக் கிதாரை வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கச் சொல்லுங்கள்.