இரட்டை உடல் வேகப்படகில் எஞ்சின் உயரம்: திருகோணமலைக் கடலில் பல பருவங்களின் அனுபவம்

எங்களுடையது 28 அடி நீளமான இரட்டை உடல் கண்ணாடியிழைப் படகு. உடலுக்கு ஒன்றாக 150 குதிரைத்திறன் எஞ்சின்கள் இரண்டு பின்பலகையில் தொங்குகின்றன. நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கும், பருவம் வந்தால் திமிங்கிலம் பார்க்க வெளிக்கடலுக்கும் ஓடுகிறது. பல பருவங்கள் இதை ஓட்டிய பிறகு ஒன்றை அழுத்திச் சொல்வேன்: இந்த வகைப் படகில் வேகம், பெட்ரோல் செலவு, எஞ்சினின் ஆயுள் மூன்றும் எஞ்சினைத் தொங்கவிடும் உயரத்தில்தான் இருக்கின்றன. குதிரைத்திறன் அதற்குப் பிறகுதான். அந்த உயரத்தைப் பட்டறையில் நின்றுகொண்டு முடிவுசெய்யவும் முடியாது.

படகு எங்கள் கைக்கு வந்தபோது எஞ்சின்கள் மிகவும் தாழ்வாகப் பூட்டப்பட்டிருந்தன. படகைத் தள்ளும் விசிறிக்கு மேலே இருந்து, காற்று அதற்குள் இறங்காமல் தடுக்கும் காற்றுத்தடுப்புத் தட்டு, உடலின் அடிமட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே கிடந்தது. பூட்டிக் கொடுத்தவர்களுக்கு அது பாதுகாப்பான ஏற்பாடு. விசிறி தண்ணீரை விடாது, வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார். ஆனால் கியர்ப் பெட்டி முழுவதையும் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு ஓடுவதற்கு எஞ்சின் கொடுக்கும் விலை பெரியது. முழு வேகத்தில் நிமிடத்துக்கு 5500 சுற்றுக்கு மேல் ஏறவில்லை. மணிக்கு 33 கடல் மைல்தான் கிடைத்தது. சுக்கானும் கனத்தது.

ஒற்றை உடல் படகுக்குச் சொல்லும் அளவை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. இரண்டு உடல்களுக்கும் நடுவே இருக்கும் குகை வழியாகக் காற்றும் நுரையும் கலந்த தண்ணீர் பின்னால் வருகிறது. எஞ்சின் உடலின் நடுக்கோட்டிலிருந்து சற்றே உட்பக்கம் தள்ளி இருந்தாலும் விசிறியின் ஒரு பக்கம் நல்ல தண்ணீரையும் மறுபக்கம் நுரையையும் வெட்டும். திருப்பத்தில் நிலைமை இன்னும் மோசமாகும். ஒற்றை உடல் படகு வளைவின் உட்பக்கம் சாயும். இது தட்டையாகவே நிற்கும், சில வேளை வெளிப்பக்கமும் சாயும். அப்போது உட்பக்க உடல் மேலெழ, அந்தப் பக்கத்து விசிறி காற்றைப் பிடித்துக்கொள்ளும். மூதூரிலிருந்து வரும் எங்கள் ஓட்டி நானாவுக்கு அளவுமானி தேவையில்லை. "தம்பி, கரைப்பக்கத்து எஞ்சின் சும்மா அலறுகிறது" என்பார். மானியைப் பார்த்தால் அந்த எஞ்சினின் சுற்று மட்டும் தாவியிருக்கும்.

பந்தய இரட்டை உடல் படகுகளில் விசிறியின் அச்சு உடலின் அடிமட்டத்தை ஒட்டியே இருக்கும். விசிறியின் மேல்பாதி தண்ணீருக்கு வெளியே சுழலும். அதற்கென்றே செய்த விசிறியும், தண்ணீர் உறிஞ்சும் துளைகள் மூக்கின் கீழ்ப்பகுதியில் வைத்த கியர்ப் பெட்டியும் அங்கே உண்டு. எங்களைப் போல் ஆட்களை ஏற்றிச் செல்பவர்கள் அந்த உயரத்தை ஆசைப்படக்கூடாது. சாதாரணக் கியர்ப் பெட்டியில் துளைகள் பக்கவாட்டில் உயரமாக இருக்கின்றன. எஞ்சின் மேலே போனால் விசிறி தண்ணீரை விடுவதற்கு முன்பே குளிர்விக்கும் தண்ணீர் குறைந்துவிடலாம்.

எஞ்சினின் பூட்டுத் துளைகள் முக்கால் அங்குல இடைவெளியில் இருப்பதால் துளை மாற்றி மாற்றிச் சரியான இடத்தைப் பிடிப்பது கடினம். ஆகவே ஓடும்போதே எஞ்சினை மேலும் கீழும் நகர்த்தும் ஹைட்ராலிக் ஜாக் பிளேட் இரண்டு பூட்டினோம். அவை எஞ்சினைப் பின்பலகையிலிருந்து ஆறு அங்குலம் பின்னுக்குத் தள்ளுகின்றன. உடலைக் கடந்த தண்ணீர் பின்னால் போகப்போக மேலெழும் என்பதால், எட்டுப் பத்து அங்குலம் பின்தள்ளினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் உயர்த்தலாம் என்பது தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் கணக்கு.

அளப்பதில் கவனம் வேண்டும். படகை டிரெய்லரில் மட்டம் பார்த்து நிறுத்தி, நேரான அலுமினியச் சட்டம் ஒன்றை உடலின் அடியில் ஒட்டிப் பிடித்துப் பின்பக்கம் நீட்டுகிறோம். காற்றுத்தடுப்புத் தட்டு சட்டத்துக்கு இணையாக வரும்வரை எஞ்சினின் சாய்வைத் திருத்திவிட்டு, சட்டத்திலிருந்து தட்டுக்கும் விசிறி அச்சின் நடுவுக்கும் அளக்கிறோம். ஒரு பக்கத்தை அளந்துவிட்டு மறுபக்கமும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் படகில் இரண்டு பின்பலகைகளுக்கும் இடையே ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது. ஜாக் பிளேட்டின் பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டு வைத்ததால், ஓடும்போதே இரண்டு எஞ்சின்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று தெரிகிறது.

பிறகு கடலில்தான் வேலை. டாங்கி நிறைய பெட்ரோலும் வழக்கமான ஆட்களின் பாரமும் இல்லாமல் சோதிப்பதால் பயனில்லை; இரட்டை உடல் படகு பாரத்துக்குச் சட்டென்று தாழும். கொட்டியாரக் குடாவில் காலை நேரத்து அமைதியான தண்ணீரில் கால் அங்குலமாக உயர்த்தினோம். தட்டு அடிமட்டத்துக்கு ஒன்றரை அங்குலம் மேலே வந்தபோது 5800 சுற்றில் மணிக்கு 36 கடல் மைல் கிடைத்தது. எங்கள் விசிறியின் பிட்ச், அதாவது வழுக்காமல் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம், 17 அங்குலம். கியர் விகிதம் 2, அதாவது எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் விசிறி ஒன்று சுற்றும். 5800ஐ 17ஆல் பெருக்கி, 2ஐ 1215ஆல் (நிமிடத்துக்கு அங்குலத்தை மணிக்குக் கடல் மைலாக மாற்றும் எண்) பெருக்கி வந்த தொகையால் வகுத்தால் வழுக்கலே இல்லாத வேகம் 40.6 கடல் மைல். ஆக, வழுக்கல், அதாவது விசிறி தண்ணீரில் நழுவி இழக்கும் வேகம், பதினொரு வீதத்துக்குச் சற்று மேல். இன்னும் அரை அங்குலம் ஏற்றியபோது சுற்று 6000 ஆனது. வேகம் அதே 36. வழுக்கல் பதினான்கு வீதத்தைத் தாண்டியது. சுற்று ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் எல்லை கடந்தாயிற்று. அதே உயரத்தில் குளிர்விக்கும் தண்ணீரின் அழுத்தமானி முள்ளும் 15 பிஎஸ்ஐயை விட்டு இறங்கி 8க்கும் 12க்கும் இடையே ஆடியது. வேகமானி எதைக் காட்டினாலும் அந்த முள் ஆடினால் நான் உடனே இறக்கிவிடுவேன். எஞ்சினின் பக்கத்தில் தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்த்துத் திருப்திப்படுபவர்கள் தயவுசெய்து ஒரு மானி பூட்டுங்கள். அழுத்தம் குறைந்த பிறகும் அது பீய்ச்சிக்கொண்டே இருக்கும்.

எங்கள் கடலில் ஒரே உயரத்தை நாள் முழுவதும் வைத்திருக்க முடியாது. துறைமுகத்துக்கு அருகிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஆழமாக இறங்குவதால் திமிங்கிலங்களைத் தேடி வெகுதூரம் போகத் தேவையில்லை. ஆனால் தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும் மாதங்களில் போகும்போது தண்ணீர் எண்ணெய் போல் இருக்கும். திரும்பும்போது தரையிலிருந்து வரும் காற்றை எதிர்த்து வரவேண்டும். அலை குகையின் கூரையில் அறையும், பின்பக்கம் துள்ளும், விசிறி காற்றைக் கடிக்கும். ஆகவே திரும்பும்போது ஓர் அங்குலம் இறக்கிவிட்டு 22 கடல் மைலில் வருகிறோம். புறாத்தீவின் ஆழமற்ற பவளப்பாறைப் பக்கம் மெதுவாக நுழையும்போது முழுவதும் உயர்த்துகிறோம். பணத்துக்கு ஜாக் பிளேட் தகுமா என்று கேட்பவர்களுக்கு அந்த இடமே போதும் என்று சொல்வேன்.

மூன்று இதழ் அலுமினிய விசிறியிலிருந்து நான்கு இதழ் எஃகு விசிறிக்கு மாறியதும் நல்ல முடிவு. முழு வேகம் சற்றே குறைந்தது. ஆனால் அதே உயரத்தில் திருப்பத்தில் தண்ணீரை விடாமல் பிடிக்கிறது. மேலே சொன்ன எண்கள் எல்லாம் பழைய விசிறிக்கு உரியவை.

பராமரிப்பில் ஜாக் பிளேட் சோம்பேறிகளுக்கு ஏற்றதல்ல. அலுமினியத் தட்டில் எஃகு போல்ட் இருக்கும் இடமெல்லாம் உப்பு தின்னும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம். வடகிழக்குக் காற்றான வாடை தொடங்கிப் படகு கரையேறும்போது போல்ட்களைக் கழற்றிக் கிரீஸ் பூசி, மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தாம் அரிபடும் துத்தநாகக் கட்டிகளை மாற்றுகிறோம். ஹைட்ராலிக் குழாயின் இணைப்பு ஒன்று கசிந்து, ஓர் எஞ்சின் மட்டும் மெல்ல மெல்லத் தாழ்ந்ததும் உண்டு. வெள்ளைக் கோடு இருந்ததால் கரைக்கு வருமுன்பே அது கண்ணில் பட்டது. புதிதாகப் பூட்டுபவர்கள் முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு எல்லா போல்ட்களையும் மீண்டும் முறுக்கிப் பாருங்கள்; எங்களுடையவற்றில் மேல் வரிசை இளகியிருந்தது.