லாக்ரூவா, கேரோகீலா: அயர்லாந்தின் மலைக் கற்குவைகள்

அயர்லாந்தில் ஒரே ஒரு பகல்தான் கையில் இருக்கிறது, மீத் மாவட்டத்து லாக்ரூவுக்குப் போவதா, ஸ்லைகோ மாவட்டத்துக் கேரோகீலுக்குப் போவதா என்று தயங்குவோர் பலர். இரண்டும் ஏறத்தாழ 5000 ஆண்டுப் பழமையுடைய, புதிய கற்கால ஈமக் கற்குவைகள். சங்கப் பாடல்களின் ‘பதுக்கை’யை (இறந்தோரை மூடிய கற்குவியலை) இவை நினைவூட்டினாலும், இவற்றுக்குள் நடைவழியும் அறைகளும் உண்டு.

ஏற்றம்:
லாக்ரூ: செங்குத்தானது, ஆனால் குறுகியது.
கேரோகீல்: நீண்ட நடை; ஈரச் சதுப்புநிலம் என்பதால் நீர்புகாக் காலணி வேண்டும்.

செதுக்கல்:
லாக்ரூ: சுமார் 35 மீட்டர் விட்டமுள்ள ‘டி’ (T) கற்குவையின் உள்ளறைப் பின்கல்லில் இதழ் விரித்த பூக்களைப் போலவும் கதிர் வீசும் வட்டங்களைப் போலவும் வடிவங்கள் நிறைந்திருக்கின்றன, பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டம்பர் நாள்களில் உதயசூரியனின் ஒளி ஒரு செவ்வகக் கட்டமாக உள்ளே விழுந்து அவற்றின்மீது மெல்ல நகர்கிறது.
கேரோகீல்: செதுக்கல் அரிது.

ஒளிவழி:
கேரோகீல்: ‘ஜி’ கற்குவையின் வாயிலுக்கு மேலுள்ள சிறு திறப்பின் வழியே கோடை நடுவில் அந்தி ஒளி நுழைகிறது.

பாதுகாப்பு:
லாக்ரூ: உள்ளே செல்லத் தடை இருக்கக்கூடும், முன்பே விசாரிக்க வேண்டும்.
கேரோகீல்: 1911இல் தொல்லியலாளர் மெக்காலிஸ்டரின் குழு அவசரமாக அகழ்ந்ததில் இழந்த சான்றுகளை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. குவைகளின்மேல் தயவுசெய்து ஏறாதீர்கள்.

குழந்தைகளோடு செல்வோருக்கும் கற்செதுக்கலை விரும்புவோருக்கும் லாக்ரூவே பொருந்தும். தனிமையையும், சுண்ணாம்புக்கல் முகடுகளில் வரிசையாக நிற்கும் குவைகளையும் நாடுவோர் கேரோகீலுக்குச் செல்லலாம். நான் தேர்வது அதையே.